பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாப்பிள்ளைகளா,

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் 'வெளியேறினார்' என்று வந்ததே, அதற்குக் கீழே விழுந்த முதல் பதில், "சீன் போடுறான்டா". இரண்டாவது, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம். அந்த முகத்தைப் போட்டவன் நான். ஆகவே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதவில்லை. குழுவுக்குள்ளேயே எழுதியிருக்கலாம்தான். எழுதினால் பத்தாவது நிமிடம் அதற்கும் ஒரு ஸ்டிக்கர் வந்துவிடும். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நாம் வைத்த பெயர் 'தந்தி'. கட்டுக்கட கட்டுக்கட என்று திக்கித் திக்கிப் பேசுகிறான் என்பதால் ஒன்பதாம் வகுப்பில் வைத்தது. நாட்டில் தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். நாம் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நம்மை அழைத்து அவன் போட்ட குரல் பதிவு இரண்டு நிமிடம் பத்து வினாடி. பத்திரிகையைப் படம் எடுத்துப் போட்டிருக்கலாம். நான்கு வரி தட்டியிருக்கலாம். ஆனால் வாயால் கூப்பிடுவதுதான் முறை என்று பேசினான். 'பால்' என்ற சொல்லில் அவன் சிக்கிய இடத்தை மட்டும் வெட்டி, தாளம் சேர்த்து, ஒன்பது வினாடிப் பாட்டாக்கினோம். மறுநாள் அது வேறு இரண்டு குழுக்களைச் சுற்றிவிட்டு அவன் மச்சினன் போனுக்கே போய்ச் சேர்ந்தது.

"சும்மா ஜாலிக்குத்தானே, அந்தக் காலத்துல அவனும் சேர்ந்துதானே சிரிச்சான்" என்கிறீர்கள். சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்று ஞாபகம் இருக்கிறதா? வருகைப் பதிவில் 'உள்ளேன் ஐயா' சொல்ல முடியாமல் 'உ... உ...' என்று அவன் நிற்கும்போது டெஸ்க்குக்கு அடியில் விரல்விட்டு எண்ணுவோம். எட்டைத் தாண்டினால் பந்தயம் கட்டியவனுக்குக் கடலை மிட்டாய். ஜெயித்தவன் அதில் ஒரு துண்டை உடைத்து அவனுக்கும் கொடுப்பான். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பான். வகுப்பே சிரிக்கிற அறையில் பதினான்கு வயதுப் பையன் வேறென்ன செய்வான்? முறைத்தால் "இதுகூடத் தாங்க மாட்டியா". அழுதால் அதற்கு இன்னொரு பட்டப்பேர். சிரித்தால்தான் பெஞ்சில் இடம்.

காலை பிரேயரில் 'நீராருங் கடலுடுத்த' பாடும்போது ஒரு எழுத்துகூடத் தடுக்காது அவனுக்கு. "பாத்தியா, நடிக்கிறான்" என்று சொன்னவனும் நான்தான். திக்குகிறவர்களில் பெரும்பாலோர் பாடும்போதும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்குவதில்லை என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

கேலியே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேலி இல்லாவிட்டால் நம் குழுவில் பாக்கி என்ன இருக்கிறது, காலை வணக்கப் படங்களைத் தவிர? நகை பிறக்கும் இடம் நான்கு என்று எண்ணிய தொல்காப்பியர் எள்ளலைத்தான் முதலில் வைத்தார். ரியல் எஸ்டேட்காரன் விடுகிற கதைகளை வருஷக்கணக்காக ஓட்டுகிறோம். அவன் கதை விடுவதை நிறுத்தலாம், திருப்பி நம்மை வெச்சு செய்யலாம். செய்கிறான், பல நாள் நம்மைவிட நன்றாகவே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கிறவன் எதை நிறுத்துவது?

இதே திக்கலை வைத்து அவன் சொன்ன ஜோக்கும் உண்டு. லேட்டாக வந்ததற்கு ஹெட்மாஸ்டர் காரணம் கேட்டபோது, மூச்சுப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: "நான் சீக்கிரமே வந்துட்டேன் சார், வா... வார்த்தைதான் லேட்டு." அவர் கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவன் பெஞ்சில் எப்படி உட்கார்ந்தான் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜூலையில் ஓர் இந்திப் படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத்தான் பிரித்துச் சொன்னது: குறைபாட்டைப் பற்றிய தவறான எண்ணங்களை உடைக்கும் நகைச்சுவை ஒன்று, அந்த மனிதரையே மட்டம் தட்டும் நகைச்சுவை இன்னொன்று. நமக்கு அதை அந்தப் பையன் ஹெட்மாஸ்டர் ரூம் வாசலிலேயே காட்டிவிட்டான்.

குறள் ஒன்று போடப்போகிறேன். "தமிழய்யா வந்துட்டாரு" என்பீர்கள், பரவாயில்லை. 'நகுதற் பொருட்டன்று நட்டல்' என்று தொடங்குகிறதே, 784வது குறள். நண்பன் எல்லை மீறும்போது முந்திப் போய் இடித்துச் சொல்லத்தான் நட்பு என்கிறது. ஒன்பது வினாடிப் பாட்டு வந்தபோது குழுவில் நாற்பத்தொரு பேர் இருந்தோம். ஒருத்தன்கூட இடிக்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று நம் குழுவிலிருந்து போனவன் நான் ஒருத்தன்தான். பாட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. காபி கொண்டுவந்த அவன் மகள்தான், "நீங்க அந்த குரூப் அங்கிளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். டம்ளரை என் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேச்சு பழைய பள்ளிக்கூடத்து எதிர்க்கடைக்குப் போனது. "உனக்குத்தான் சமோசான்னா உயிராச்சே" என்றேன். அவன் சிரித்தான். சமோசா பிடிக்கவே பிடிக்காதாம். 'பப்ஸ்' என்று கேட்க வாய் வராது, பின்னால் வரிசையில் நாம் நிற்போம், அதனால் மூன்று வருஷமும் சமோசா. இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. 'பப்ஸ்' வரும் இடத்தில் எடுத்துக் கொடுக்க என் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அட்மின் இருவருக்கும் சொல்கிறேன்: அந்தப் பாட்டைக் குழுவிலிருந்து எடுங்கள். மற்றவர்கள் போனிலிருந்து அழியுங்கள். பாட்டைச் செய்தவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும், அவன் அந்த இரண்டு குழுக்களிலும் சொல்லி அழிக்கச் செய்யட்டும். வெளியேறியவனைத் திரும்பக் குழுவில் இழுத்துப் போடாதீர்கள். வருவதும் வராததும் அவன் இஷ்டம். போன் செய்தால் அவன் பேசி முடிக்கும்வரை லைனில் இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி அவன் வீட்டுக்குப் போகிறேன். வருகிறவன் எனக்குத் தனியாகச் செய்தி போடு. பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் பப்ஸ் வாங்கிக்கொண்டு போகலாம்.

உங்களில் ஒருவன்