முதல் நாளே நைட் டியூட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் இல்லங்களில் ஆள் பற்றாக்குறை தீராத தலைவலிதான். அதற்காகக் காலையில் சேர்ந்த பராமரிப்பாளரை அன்று இரவே தனியாக நைட் டியூட்டியில் நிறுத்துவது எந்த விதத்திலும் சரியல்ல. ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, "மத்ததெல்லாம் போகப்போகப் பழகிடும்மா" என்று சொல்வது பயிற்சி ஆகாது.

புதியவர் குறைந்தது ஒரு வாரமாவது அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். முதலில் பார்க்கட்டும், பிறகு அவர் முன்னால் செய்து காட்டட்டும். இரவுப் பணியையும் இரண்டு முறையாவது துணையோடு பார்த்த பிறகே தனியே விடலாம்.

முதலில் கற்றுத்தர வேண்டியது சோறு ஊட்டுவது. படுத்த நிலையில் கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் போகும். பக்கவாதம் வந்த சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியும். நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கியதும் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் பருக்கை தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரமாவது படுக்க விடக் கூடாது.

படுக்கையோடு இருப்பவர்களைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முழுதாக ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் பாரம் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் அழுந்தாது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பலரும் நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறு இது. இரவு முழுக்கத் திருப்பியதாக விடியற்காலை 5 மணிக்கு ஒரே மூச்சில் பதிவேட்டை நிரப்பும் பழக்கத்தையும் புதியவர்கள் பழையவர்களிடமிருந்துதான் கற்கிறார்கள்.

தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு விலகும். சக்கர நாற்காலியை நல்ல பக்கமாகப் போட்டு, பிரேக்கைப் பூட்டி, கால்மிதியை மடக்கிய பிறகே எழுப்ப வேண்டும்.

சர்க்கரை நோயாளி இரவில் வியர்த்துப் பிதற்றினால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது; ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம், அதாவது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108.

மாத்திரைப் பெட்டியை முதல் மாதம் புதியவர் கையில் தரவே வேண்டாம். எந்த இல்லத்திலும் இரண்டு லட்சுமி பாட்டிகளாவது இருப்பார்கள். பெட்டி மேல் பெயரோடு போட்டோவும் ஒட்டியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கு வரும் சமூக நலத் துறை அதிகாரிகள் கட்டடத்தையும் கழிப்பறையையும் கோப்புகளையும் பார்ப்பதோடு, கடைசியாகச் சேர்ந்த பணியாளரை அழைத்து, ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொல்லியும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புப் பயிற்சியாளர்,
திருச்சி.