கட்டில் ஒண்டோ ரெண்டோ எண்டு எழுது பிள்ளை

பிள்ளைக்கு,

நேற்று இரவு நீ அனுப்பின லிஸ்ட் கிடைச்சுது. ரெண்டு தரம் வாசிச்சனான். சப்பாத்து, மழைச்சட்டை, ஹெட்லைற், கத்தி, இறைச்சி சுத்துற துணி, சிவப்பு வெஸ்ற் எண்டு வரிசையா எழுதியிருக்கிறாய், உன்ர சின்ன வயசு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி இருந்துது. வேற ஏதும் எழுதினவளோ எண்டு கொம்மா கேட்டா. இல்லை எண்டன். வேற ஒண்டும் எழுதேல்லைத்தானே.

லிஸ்ட்டில மேசு இல்லை. கம்பளி மேசு ரெண்டு சோடி கொண்டு வா. பருத்தி மேசு வேண்டாம்.

எல்க் மான் வேட்டை செப்டம்பர் 25 தொடங்குது. எங்கட யாக்ட்லாக், வேட்டைக் குழு, முதல் நாலு நாளும் போகும், பிறகு ஒக்டோபரில சனி ஞாயிறுகளில. நீ ரெண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறன் எண்டு எழுதினனி. ரெண்டு கிழமை! போன நத்தாருக்கு ரெண்டு இரவுதான் நிண்டனீங்கள், அதிலயும் ஒரு இரவு மருமகன் போனோட வெளியில காருக்குள்ள. சரி அவருக்கு வேலை கூட, எனக்குத் தெரியும். அவருக்கும் இந்த முறை லீவோ? காடு அவருக்குச் சரிவராது, போன முறை இலையுதிர்காலத்தில ஆத்தங்கரைக்கு நடக்கப் போய் மான்பேன் ஈ தலைமயிருக்குள்ள பூந்து ரெண்டு நாள் சொறிஞ்சவர், அது கொசு மாதிரி அடிச்சாச் சாகாது, செட்டையைக் கழட்டிப்போட்டு மயிருக்குள்ளயே குடியிருக்கும், நகத்தால நசுக்கினாலும் நசியாது. வாறதெண்டால் வரட்டும், வீட்டில கொம்மாவோட நிக்கலாம். சும்மா கேட்டனான். கொம்மா அறையை ஒதுக்கோணுமாம், உன்ர பழைய கட்டில் மட்டும் போதுமோ மேல் அறையில இருக்கிற மற்றதையும் இறக்கிறதோ எண்டு கேக்கிறா. அதை மட்டும் எழுது.

நீ சுடுற சோதினை முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினதை இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். 100 மீற்றரில அந்த ரெயிண்டியர் படத்தில அஞ்சு வெடியும் உள்ளுக்க. என்னோட மரஆலையில வேலை செய்த கிழவருக்குச் சொன்னன், எங்கட தலைவருக்குச் சொன்னன், கடையில நிண்ட பெட்டைக்கும் சொன்னன், அவள் யாரெண்டே எனக்குத் தெரியாது. எங்கட சனத்தில எத்தினை பேர் இந்த நொர்வேயில துவக்குத் தூக்கி எல்க் வேட்டைக்குப் போயிருக்கும் சொல்லு, அதுவும் பொம்பிளைப் பிள்ளை. நான் இந்த யாக்ட்லாக்கில சேர்ந்த முதல் மூண்டு வருசமும் துவக்கில்லாமல் பத்தைக்குள்ளால கத்திக் கத்தி எல்க்கைக் கலைக்கிற வேலைதான் செய்தனான், நிலம் அவங்கட, வேட்டை உரிமையும் நிலத்துக்காரனுக்குத்தான், வெளியில இருந்து வந்தவனுக்கு ஆர் உடன துவக்கோட காத்திருந்து சுடுற போஸ்ட் குடுப்பான். நாலாம் வருசம்தான் அந்தச் சதுப்புக் கரைப் போஸ்ட்டைத் தந்தவங்கள். உனக்கு வந்த உடன கிடைக்கப்போகுது. ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

நீ அனுப்பின அந்த வேட்டைக் கார்ட் போட்டோவையும் பாத்தனான். பெரிசாக்கிப் பாத்தன். அதில முன்னுக்கு உன்ர பேர், பின்னுக்கு என்ர பேர் இருக்கு. கலியாணம் முடிச்ச கையோட அவற்ர பேருக்கு மாத்தினனீதானே, பாஸ்போட் வங்கி எல்லாம். நான் ஒண்டும் கேக்கேல்லை. என்ர பேரைப் பாத்தோடன எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்துது, சந்தோசமோ பயமோ எண்டு தெரியேல்லை. கொம்மாவுக்கு அந்தப் போட்டோவைக் காட்டேல்லை. போனில சிக்னல் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.

மேசு விசயத்தை விளையாட்டா எடுக்காத. நான் 86இல வந்து அந்த போல்க்ஹோய்ஸ்கூல் எண்ட விடுதிப் பள்ளிக்கூடத்தில ஒரு வருசம் இருந்து விசா முடியப்போற நேரம் மேல போட்ஸ்பியோர்டுக்கு மீன் பக்டரிக்குப் போனது உனக்குத் தெரியும். ரப்பர் சப்பாத்துக்குள்ள யாழ்ப்பாணத்தில இருந்து கொண்டந்த பருத்தி மேசு. எட்டு மணித்தியாலம் ஐஸ் தண்ணிக்குள்ள நிண்டு கொட் மீன் வெட்டிப்போட்டு அறைக்கு வந்து கழட்டினால் விரல் பத்தும் பச்சைத்தண்ணியில ஊறின புழுக்கொடியல் மாதிரி வெள்ளையா இருக்கும். பக்கத்தில நிண்டு வெட்டின நொர்வேஜியன் மனிசிதான் தன்ர புருசன்ர கம்பளி மேசு ஒரு சோடி கொண்டந்து தந்தது. சூரியன் வராத மாசங்களில அந்த மேசோடதான் படுத்தனான். போஸ்ட்டில நாலு மணித்தியாலம் அசையாமல் இருக்கோணும் பிள்ளை, கால் விறைச்சால் சுடேலாது.

துவக்கு என்ர முப்பது-சைபர்-ஆறு. உனக்குக் கொஞ்சம் பாரமா இருக்கும், தோளில அடிக்கும், ஆனால் பழகினது. இரவல் குடுக்கிறதுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்து வைக்கோணும், அதை எழுதி வைச்சிட்டன், திகதி மட்டும் போடேல்லை. போஸ்ட்டில இருந்த பிறகுதான் தோட்டா ஏத்துறது. இறங்க முதல் கழட்டுறது. ஏணியில ஏறேக்க ஒரு நாளும் ஏத்தின துவக்கோட ஏறாத. போஸ்ட்டில இருந்த பிறகுதான் ஏத்துறது, சொல்லிப்போட்டன்.

இறைச்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உரிச்சு களஞ்சியத்தில தொங்க விடுறது 40 டிகிரி நாள் கணக்கு, 10 டிகிரி எண்டால் நாலு நாள், 5 எண்டால் எட்டு நாள். உன்ர ரெண்டு கிழமைக்குள்ள வெட்டிப் பங்கு பிரிச்சு முடிஞ்சிடும். கொம்மா உனக்கு வத்தல் போட்டுத் தரப்போறாவாம், மஞ்சளும் உப்பும் தடவி, வன்னியில பெரியப்பா வீட்டில மரை வத்தல் போட்ட மாதிரி. இஞ்சத்தை வெயிலில எங்க காயிறது, அவன் அடுப்புக்குள்ள வைச்சுத்தான் காய விடுறவ, வீடு முழுக்க ஒட்டுசுட்டான் மாதிரி மணக்கும். எவ்வளவு கட்டித் தரோணும்? ஒரு ஆளுக்கோ ரெண்டு ஆளுக்கோ? திரும்பவும் கேக்கிறன் எண்டு கோவிக்காத.

இப்ப கொம்மா குசினி வாசலில நிண்டு கையால காட்டுறா, கேளுங்கோ கேளுங்கோ எண்டு. நான் கேக்கமாட்டன். ஐபாட்டில ஒரு விரலால தட்டுறதே பெரிய பாடு. ஆனால் ஒண்டு சொல்லுறன், நாலு மாசமா ஒரு கோல் இல்லை, வேட்டை லிஸ்ட் மட்டும் வருகுது, கொண்ணனுக்கும் நீ எடுக்கிறேல்லையாம். நாங்கள் என்னத்தை நினைக்கிறது.

சரி. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுறன்.

ஜூலையில மெசேஜில நீங்களும் சுடுற சோதினை முடிச்சிட்டீங்களோ அப்பா எண்டு கேட்டனி, பாஸ் எண்டன். பொய். ஜூனில ரெண்டு தரம் போனனான். முதல் தரம் மூண்டு வெடி உள்ளுக்க, ரெண்டாம் தரம் ரெண்டு. பிறகு போகேல்லை. என்ர வலக்கண்ணில நடுவில ஒரு மங்கல் பிள்ளை, சுத்திவரத் தெரியும், எதைப் பாக்கிறனோ அதுதான் தெரியாது. கதவு நிலை வளைஞ்சு தெரியுது. கடைசியா வீடியோவில கொம்மாவோட கதைக்கேக்க பிரிட்ஜில ஒட்டியிருக்கிற கட்டம் போட்ட பேப்பர் என்னெண்டு நீ கேட்டதாம், நான் பின்னுக்கு நிண்டு சுடோக்கு எண்டு சொன்னன். அது கண் டொக்டர் தந்தது, ஒவ்வொரு நாளும் விடிய ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கோடு வளையுதோ எண்டு பாக்கோணும். இடக்கண் நல்லாயிருக்கு, கார் ஓடலாம் எண்டு டொக்டர் சொன்னவ, அதுக்குப் பயப்பிடாத. இடத்தோளில துவக்கை வைச்சும் பாத்தன், சரிவரேல்லை, இத்தினை வருசம் வலப்பக்கம் பழகின உடம்பு.

இது மட்டுமெண்டால் போனிலேயே சொல்லியிருப்பன்.

போன ஒக்டோபர் ஒரு சனிக்கிழமை காலமை. சதுப்பில மேல் தண்ணி கண்ணாடி மாதிரி மெல்லிசா உறைஞ்சு கிடந்தது. நாய் தூரத்தில குலைச்சது, பிறகு நிண்டுட்டுது. எல்க் வரேக்க சத்தம் கேக்காது எண்டு உனக்குச் சொல்லியிருக்கிறன், குதிரையளவு மிருகம், ஒரு சுள்ளி முறியாது. பேர்ச் மரங்களுக்குள்ளால ஒரு தாய் வெளியில வந்துது, எழுபது மீற்றர் இருக்கும், பக்கவாட்டா நிண்டுது. ஸ்கோப்புக்குள்ளால பாத்தன், நடுவில சாம்பல். கண்ணைக் கொஞ்சம் அங்கால விலத்தினால் தோள் தெரிஞ்சுது. அப்பிடியே சுட்டன். நல்ல வெடிதான், முப்பது மீற்றர் போய் விழுந்துது. துவக்கைக் கீழ வைக்கிறன், அது நிண்ட இடத்துக்குப் பின்னால அதே பத்தைக்குள்ள இருந்து அதின்ர கண்டுக்குட்டி வெளியில வருகுது. முழுக்க அங்கதான் நிண்டிருக்கு. எனக்குத் தெரியேல்லை.

கண்டு முதல், பிறகுதான் தாய். இஞ்ச சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்ச சட்டம். பெரியப்பா அந்த இடியன் துவக்கோட வன்னிக் காட்டுக்க திரிஞ்ச காலத்திலயும் குட்டியோட நிக்கிற மரையைத் தொடமாட்டார், வெறுங்கையோட வீட்டுக்கு வந்து பெரியம்மாட்டப் பேச்சு வாங்குவார். நான் சுட்டன். தலைவர் றேடியோவில கேட்டார், கண்டு நிண்டதோ எண்டு. இல்லை, தனித்தாய் எண்டன். அது எனக்கு முன்னால நிக்குது, நான் அதைப் பாத்துக்கொண்டு றேடியோவில இல்லை எண்டு சொல்லுறன். ஓம் எண்டு சொல்லியிருந்தால் அண்டைக்கே அதையும் தேடிச் சுட்டிருப்பாங்கள், குளிருக்க தனிய விட்டிருக்கமாட்டாங்கள். ஒரு வசனம் பிள்ளை. வெக்கம். இத்தினை வருசமா இவங்களுக்குச் சமனா நிண்டனான், கண் தெரியாத கிழவன் எண்டு நினைப்பாங்கள் எண்டு.

ஜனவரியில ரயில் பாதைப் பக்கம் ஒரு தனிக் கண்டு நிக்குதெண்டு கடையில கதைச்சினம். பனி கூடினால் பாதை துப்புரவா இருக்கிறதால எல்க் அதிலதான் நடக்கும், ரயில் அடிக்கும், உனக்குத் தெரியும். நான் பாண் வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு அஞ்சாறு தரம் அந்தப் பக்கம் கார் ஓடினனான். ஒரு நாளும் காணேல்லை. வேற கண்டாயும் இருக்கலாம். கொம்மாவுக்கு இது தெரியாது. ஏன் இவ்வளவு பாண் எண்டு கேட்டா.

தலைவருக்கு இன்னும் சொல்லேல்லை. நீ வர முதல் போய்ச் சொல்லுவன். போஸ்ட் இந்த முறை மகளுக்கு எண்டு மட்டும் சொல்லியிருக்கிறன், சரி எண்டவர், காரணம் கேக்கேல்லை. நான் துவக்கில்லாமல் உனக்குப் பக்கத்தில இருப்பன், அதுக்குத் தடையில்லை. காது இன்னும் நல்லாக் கேக்கும். நாய் எந்தப் பக்கம் திரும்புது எண்டு நான் சொல்லுறன், நீ பாத்துச் சொல்லு என்ன நிக்குது, பின்னுக்கு என்ன நிக்குது எண்டு. ரெண்டு தரம் பார். சுடாமல் விட்டால் ஒருத்தரும் பேசமாட்டினம்.

இன்னொண்டு. எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டுதான் தட்டுறன். உன்ர கலியாணத்தண்டு காலமை மண்டப வாசலில நீ காருக்குள்ளேயே இருந்தனி. தோழிப் பெட்டை இறங்கிட்டாள், நீ இறங்கேல்லை. நேரம் போகுது, ஐயர் கூப்பிடுறார், சனம் பாக்குது. நான் வந்து கண்ணாடியில தட்டிக் கெதியா வா எண்டன். நீ என்னைப் பாத்தனி. அப்ப என்ர ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்தது. நான் என்ன ஏதெண்டு கேக்காமல் கதவைத் திறந்தன்.

இப்பவும் கேக்கேல்லை. நீ சொன்னால் கேப்பன், சொல்லாட்டியும் வா. ரெண்டு கிழமை இல்லை, எத்தினை நாள் எண்டாலும் நில். கொம்மா அழுவா, கத்துவா, சனம் என்ன சொல்லும் எண்டுவா, அதை நான் பாக்கிறன். உன்ர அறையில தட்டு ரெண்டு வெறுமையாக்கிட்டன், கொண்ணன்ர பழைய புத்தகங்களைக் களஞ்சியத்தில வைச்சாச்சு. ரயிலில வாறதெண்டால் நேரத்தைச் சொல்லு, பின்னேரம் எண்டால் நல்லது, இருட்டினாப்பிறகு நான் காரை மெதுவாத்தான் ஓடுவன். சாமான் கூட எண்டால் கொண்ணனைக் கூப்பிடலாம், அவன் ஒண்டும் கேக்கமாட்டான், நான் சொல்லி வைக்கிறன்.

சிவப்பு வெஸ்ற் வாங்காத, இஞ்ச மூண்டு கிடக்கு. தேமோசும் கிடக்கு. காலமை தேத்தண்ணிக்கு நீ இப்ப சீனி போடுறனியோ விட்டிட்டியோ?

மேல் அறைக் கட்டிலை இறக்கேல்லை. மெத்தை ஒண்டை மட்டும் நேற்று வெயில் வந்த நேரம் வெளியில போட்டனான். இறக்கோணும் எண்டால் வியாழனுக்குள்ள சொல்லு, தனிய என்னால தூக்கேலாது, பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளி போனால் பிறகு வரமாட்டார்.

கம்பளி மேசு.

அப்பா