டேஷ்கேம்: பிக்சலை விட கார்டுதான் முக்கியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமராவான டேஷ்கேம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த கேமராவுக்கு எத்தனை பிக்சல், எத்தனை டிகிரி அகலம், என்ன விலை என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். வாங்கப் போகிறவர்களுக்கு அது உதவும்தான். ஆனால் விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராகச் சென்னையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கேமரா இருந்தும் பதிவு கைக்கு வராமல் போன கதைகளைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். படம் மங்கலாக இருந்ததால் அல்ல. மெமரி கார்டு எழுதாமல் நின்றுபோயிருக்கும், தேதி தப்பாக இருக்கும், அல்லது நாலு நாள் கழித்துத் தேடும்போது அதன்மேல் வேறு பதிவு ஏறியிருக்கும். உங்கள் கட்டுரையில் இதற்கு இரண்டு வரிகூட இல்லை.

முதலில் வெயில். கத்திரி நாட்களில் தி.நகர் தெருவோரம் காரை நிறுத்திவிட்டு வந்து ஸ்டீயரிங்கைத் தொட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். வெளியே 40 டிகிரி என்றால் மூடிய காருக்குள் காற்றே 60-ஐ நெருங்கும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமராவுக்கு நேர் வெயிலும் சேர்கிறது. உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் இந்தச் சூட்டில் உப்பிவிடலாம். அப்புறம் கேமரா தானாக அணைந்து அணைந்து மறுபடி ஓடும். பேட்டரிக்குப் பதிலாகக் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சூப்பர் கெபாசிட்டர் வைத்த கேமராக்கள் இதைவிட நன்றாகச் சூடு தாங்குகின்றன. மோதலில் மின் இணைப்பு அறுந்தால் கடைசிக் கோப்பை மூடிச் சேமிக்கச் சில வினாடி மின்சாரம் போதும், அதைக் கெபாசிட்டரே கொடுத்துவிடும். அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஃபோர்-கேயா?" என்பதல்ல, "உள்ளே பேட்டரியா, கெபாசிட்டரா?" என்பதுதான்.

அடுத்தது கார்டு. வீட்டில் பழைய போனில் கிடந்த மெமரி கார்டைச் செருகிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். டேஷ்கேம் கார்டில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதும். சாதாரண கார்டு இந்த உழைப்புக்குச் செய்யப்பட்டதல்ல. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று அச்சிட்ட கார்டு கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் இதற்கென்றே செய்தது. கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் எழுதும் 1080பி கேமரா மணிக்கு ஏறத்தாழ 7 ஜி.பி. நிரப்பும். 64 ஜி.பி. கார்டில் அது 9 மணி நேரம். அதே கார்டை 40 மெகாபிட்டில் எழுதும் ஃபோர்-கே கேமராவில் போட்டால் மூன்றரை மணி நேரம்தான். தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். சாலைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவருக்கு நேற்றுக் காலைப் பதிவு இன்று மாலை இருக்காது. பெரிய கார்டு போடுங்கள், மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

இரவில் நம்பர் பிளேட் தெரியும் என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால், நமக்கும் எதிரே வருகிற வண்டிக்கும் வேக வித்தியாசம் வெறும் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் அது 46 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கார் நம்பர் பிளேட்டின் நீளமே 50 சென்டிமீட்டர்தான். எத்தனை பிக்சல் இருந்து என்ன பயன்? இதற்கு ஒரு எளிய வழி உண்டு. மைக்கை அணைக்காமல் வைத்துக்கொண்டு, இடித்துவிட்டு ஓடுகிற வண்டியின் நம்பரைக் கண்ணில் பட்டதும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள், அதுவும் பதிவாகும். வீட்டுச் சண்டையும் சேர்ந்து பதிவாகுமே என்றால், ஆகும். காரில் ஏறுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. உள்ளே பார்க்கிற கேமரா வாடகை வண்டிக்குச் சரி, குடும்பக் காருக்குத் தேவையில்லை என்பது என் கட்சி. 2023-ல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டரின் மேல்வகைகளில் இரண்டு பக்கமும் பார்க்கும் கேமராவைக் கம்பெனியிலேயே பொருத்திக் கொடுத்தபோது என் மருமகள் முகம் சுளித்ததில் நியாயம் இருந்தது.

அதிர்ச்சியை உணர்ந்து கோப்பைப் பூட்டும் ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைத்து வையுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் ஆற்காடு சாலையில் ஒருமுறை போய் வந்தால் போதும், ஒவ்வொரு பள்ளத்தையும் விபத்தென்று நினைத்துப் பூட்டிப் பூட்டி வைத்திருக்கும். பூட்டிய கோப்புகள் அழியாது. கார்டு அவற்றாலேயே நிறைந்தால் உண்மையான விபத்துக்கு இடமிருக்காது.

பொருத்துவதைப் பற்றி. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், இடப்பக்கமாக, ஓட்டுகிறவர் பார்வையை மறைக்காமல், ஆனால் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள். ஐப்பசி மழையில் வைப்பர் எட்டாத மூலையில் இருக்கும் கேமரா தண்ணீரைத்தான் படம் பிடிக்கும். பக்கவாட்டு (கர்ட்டன்) ஏர்பேக் உள்ள கார் என்றால், முன்தூண் வழியாக இறக்கும் வயர் ஏர்பேக்கின் குறுக்கே போகக்கூடாது, அதன் பின்னால்தான் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். காரின் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஃபியூஸ் டேப் (fuse tap) என்ற இணைப்பான் வைத்து மின்சாரம் எடுக்கலாம்.

கனமழை எச்சரிக்கை வந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவதை ஊரே பார்த்தது. அங்கே யாராவது உரசிவிட்டுப் போனால் நிறுத்திய காரிலும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடு இருந்தால்தான் தெரியும். ஆனால் அது கார் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் இறங்கினால் தானே துண்டிக்கும் ஹார்ட்வயர் கிட் இல்லாமல் அதைப் போடாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் விபத்துக்குப் பிறகு கோட்டைவிடுகிறவர்கள்தான் என் முக்கியக் கவலை. மோதல் நடந்ததும் பெரும்பாலோர் செய்வது, பதிவை போனில் இறக்கி, வெட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். அனுப்பியே தீர வேண்டுமானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். அதைவிட முக்கியம், கார்டைக் கழற்றி வைப்பது. கேமராவின் மின் இணைப்பை எடுத்து, அது முழுக்க அணைந்த பிறகுதான் கார்டை இழுக்க வேண்டும். எழுதும்போதே இழுத்தால் கடைசிக் கோப்பு கெட்டுப்போகும். டேஷ்போர்டின் கையுறைப் பெட்டியில் இன்னொரு கார்டு தயாராக இருந்தால் வீட்டுக்குப் போகும் வழியும் பதிவாகும். அந்தப் பழைய கார்டில் எதையும் எழுதாமல் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மின்னணுப் பதிவை நகலாகக் கொடுத்தால் அதன் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பும் குறிப்பிட வேண்டும். வீடியோவில் ஒரு வினாடியை வெட்டினாலும் மாறிவிடும் எண் அது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இருந்தபோது, அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: மூலக் கருவியையே கொண்டுவந்து உரிமையாளரே சாட்சிக் கூண்டில் ஏறினால் சான்றிதழ் தேவையில்லை. பதிவு முதலில் ஏறிய கார்டை ஏன் பொக்கிஷம் போல வைத்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும். போலீஸார் கார்டைக் கேட்டால் கொடுங்கள், எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொண்டு.

தேதியை மறந்துவிட்டேனே. சில கேமராக்கள் மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். ஜி.பி.எஸ். உள்ளவை தாமே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் நேர மண்டலத்தை நாம்தான் +5:30 என்று வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் நடந்த மோதலுக்குக் கீழே அதிகாலை 4 மணி என்று காட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கொண்டாட்டம். இன்னொன்று, ஜி.பி.எஸ். நம் வேகத்தையும் எழுதி வைக்கும். வரம்பை மீறி 80-ல் போனவர் அந்தப் பதிவை நீட்டினால் அது அவரையே மாட்டிவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சான்றிதழின் நிபுணர் பகுதிக்கு யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது, எவ்வளவு செலவாகும் என்பதுதான் விபத்தில் சிக்கியவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி. உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதவையுங்கள். அடுத்த கேமரா பட்டியலை அதற்குப் பிறகு போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை - 91