'காணொலியாளர்' சரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் முகூர்த்த நாள் நெருக்கடி பற்றி வந்த செய்தியில், கல்யாண வீடியோ எடுக்கும் எங்களைக் 'காணொலியாளர்கள்' என்று குறிப்பிட்டிருந்தீர்கள். 1988-இல் வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் தூக்கியவன் நான். அந்த 'ஒலி' உறுத்துகிறது.

ஏனென்றால் கல்யாண கேசட்டில் நாங்கள் முதலில் காலி செய்ததே ஒலியைத்தான். நாயனம், மந்திரம், பந்தியில் "இங்கே ரசம்" என்ற சத்தம், எல்லாவற்றையும் மிக்ஸிங்கில் அழித்துவிட்டு சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவோம். தாலி கட்டும் நேரத்தில் தாத்தா ஏதோ சொன்னாரே, அவர் போய்விட்டார், அந்தக் குரல் கிடைக்குமா என்று ஒரு வீட்டில் கேட்டு வந்தார்கள். பாட்டுதான் இருந்தது.

வீடியோ என்றால் லத்தீனில் 'நான் காண்கிறேன்'. கேட்பதற்கு அங்கே ஆடியோ என்று தனிச்சொல் உண்டு. 'கிராபர்' கிரேக்கத்திலிருந்து வந்தது, எழுதுபவர், வரைபவர். போட்டோகிராபர் முழுக்கக் கிரேக்கம், ஒளியால் எழுதுபவர். வீடியோகிராபர் பாதி லத்தீன், பாதி கிரேக்கம். கலப்புக் கல்யாணம்!

வீடியோவுக்கு 'லி' போடாமல் 'ளி' போட்டு எழுதும் காணொளி என்பது காண், ஒளி சேர்ந்த வினைத்தொகை. கண்ட ஒளி, காண்கின்ற ஒளி, காணும் ஒளி. 'நான் காண்கிறேன்' என்பதற்கு இவ்வளவு பக்கத்தில் வரும் சொல் வேறெது? காட்சியும் ஒலியும் சேர்ந்ததால் காணொலிதான் சரி என்பாரும் உண்டு. அப்படிப் பிரித்தால் 'காணும் ஒலி' என்றாகிறது. ஒலியை யார் கண்டது?

சிலர் எங்களை ஒளிப்பதிவாளர் என்கிறார்கள். மார்கஸ் பார்ட்லி, பி.சி.ஸ்ரீராம் போன்ற சினிமா கேமராமேன்களுக்குச் சொல்லும் சொல் அது. ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடிக்கவைத்து, மை கரைய வியர்க்கவிட்டவனுக்கு அது கொஞ்சம் கூச்சம். ஊரில் "வீடியோக்காரர் சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

அச்சில் தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'காணொளிப் பதிவாளர்' என்று போடுங்கள். ளகரத்தை மட்டும் மெய்ப்புத் திருத்துபவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோக்காரர் ஒருவர்,
மன்னார்குடி