ஸ்லீப் போட்டால் பக் போகாது, ஒளிந்துகொள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூவுக்கு மாணவர்கள் தயாராகிற நேரம் இது. தமிழ் எழுத்துப்பிழை திருத்தி, லின்டர் (கோட்டில் பிழை காட்டுவது), ஃபார்மேட்டர் (கோட்டை ஒழுங்காக அடுக்குவது) என ஏதாவது ஒரு நிரலை டெக்ஸ்ட் எடிட்டரின் பின்னணியில் ஓடவிட்டு, அதன் விடையை எடிட்டரிலேயே காட்டுவதைப் பலர் புராஜெக்டாக எடுக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் சில நேரம் ஒழுங்காக ஓடி, சில நேரம் விடை அரைகுறையாக வருகிற டைமிங் பக் (நேரம் தப்புவதால் வரும் பிழை) இதில் கட்டாயம் தலைகாட்டும். அதற்கு நடக்கிற வைத்தியம், நடுவில் அரை விநாடி ஸ்லீப் போடுவது, அதாவது நிரலைச் சும்மா நிறுத்திவைப்பது. லேபில் ஓடிவிடுகிறது, மார்க்கும் விழுகிறது. இந்தப் பழக்கம் போகவேண்டும் என்றுதான், நிரலெழுதுவதையே தொழிலாகக் கொண்ட நாங்கள் இதை எழுதுகிறோம்.

ஸ்லீப் ஏன் பலன் தருவதுபோலத் தெரிகிறது? ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னணி நிரல் எழுதுவதை அது எந்நேரமும் வாங்கிக்கொண்டிருப்பதில்லை. விசை அழுத்தலுக்காகக் காத்திருக்கும்போதும், சிட்-ஃபார், ஸ்லீப்-ஃபார், ஆக்செப்ட்-ப்ராசஸ்-அவுட்புட் போன்றவற்றால் நாமே காத்திருக்கச் சொல்லும்போதும்தான் பெரும்பாலும் வாங்கும். லிஸ்ப் மொழியில் நாம் எழுதிய கோட் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஃபில்டரும் (விடையை வாங்கும் ஃபங்ஷன்) சென்டினலும் (நிரல் முடிந்த செய்தியை வாங்கும் ஃபங்ஷன்) அழைக்கப்படுவதில்லை. அரை விநாடி நிறுத்தினால் வரவேண்டியது வந்துவிடுகிறது, அவ்வளவுதான். வேறொரு மெதுவான கணினியில் அந்த அரை விநாடி போதாது. சிட்-ஃபார் இன்னும் ஆபத்து: யாராவது ஒரு விசையைத் தட்டினால் காத்திருப்பை உடனே முடித்துக்கொள்ளும். அதனால் நிதானமாகத் தட்டுபவருக்கு வராத பக், வேகமாகத் தட்டுபவருக்கு வரும்.

ஈமேக்ஸின் டிபக்கரான எடிபக் வைத்து வரிவரியாகப் பார்ப்பதும் இங்கே கைகொடுக்காது. நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அது விசைக்காகக் காத்திருப்பதால், அந்த இடைவெளியில் விடை வந்து சேர்ந்து பக் மறைந்துவிடும். தேவைப்படுவது லாக், அதாவது நடப்பதை வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி: மில்லிவிநாடியில் நேரம், ப்ராசஸ் எண் (ப்ராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), என்ன நடந்தது (தொடக்கம், இத்தனை பைட் வந்தது, முடிந்தது, விடை வரும் குழாயான பைப் மூடியது), அப்போது டாக்குமென்டின் மாற்ற எண் (உரை மாறும்போதெல்லாம் கூடும் எண்) என்ன. இதைத் திரையில் அச்சிடாமல் மெமரியில் ஒரு லிஸ்ட்டில் சேர்த்து, எல்லாம் முடிந்தபின் கோப்பில் எழுதுங்கள். அச்சிடும் வேலையே நேரத்தை மாற்றிவிடும். விம் எடிட்டரில் சிஎச்_லாக்ஃபைல் ஃபங்ஷன், நிரலோடு பேசும் சேனலில் போவதையும் வருவதையும் தானாகவே எழுதித் தரும்.

லாக்கைப் பார்த்தால் பெரும்பாலும் சிக்குவது, ப்ராசஸ் முடிந்த செய்தி முதலிலும் கடைசித் துண்டு விடை அதன் பின்பும் வந்திருப்பது. தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டவர் ஊரைவிட்டே போனாலும் கடிதம் பெட்டிக்குள் இருக்கும் அல்லவா, பைப்பும் அப்படித்தான். விஎஸ் கோட் எடிட்டருக்கு எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள், அது ஓடும் நோட் ஜேஎஸ்ஸின் எக்ஸிட் (ப்ராசஸ் முடிந்தது) நிகழ்வை நம்பாமல் க்ளோஸ் (பைப்பும் மூடியது) நிகழ்வுக்குக் காத்திருக்க வேண்டும். விம்மில் எக்ஸிட்_சிபி-க்குப் பதில் க்ளோஸ்_சிபி. ஈமேக்ஸில் பிழைச் செய்தி வரும் ஸ்டெட்எர்ரைத் தனியே பிரித்திருந்தால், அது தனி பைப் ப்ராசஸ். அதன் முடிவையும் தனியே கவனிக்க வேண்டும்.

அடுத்தது, தமிழில் வேலை செய்பவர்களை அதிகம் படுத்துகிற சிக்கல். சி-யில் எழுதிய நிரல் டெர்மினலில் வரிவரியாக எழுதும். அதே நிரல் பைப்பில் எழுதும்போது பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) நிரம்பினால்தான் அனுப்பும், லினக்ஸில் பெரும்பாலும் 4096 பைட். டெர்மினலில் சரியாக ஓடுவது எடிட்டருக்குள் சொதப்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘வேலூர்’ என்பதில் வ, ே, ல, ூ, ர, புள்ளி என 6 குறியீடுகள், 18 பைட். வரி முடிவையும் சேர்த்தால் 19. ஒரு கோப்பில் வேலூர் என்று வரிக்கு வரி எழுதி அனுப்புங்கள். 4096 பைட்டில் 215 முழு வரிகள் போக 11 பைட் மிஞ்சும். ஆக 216-வது வரியில் ‘வேல’ முழுதாக வந்து, ூ-வின் முதல் 2 பைட்டோடு துண்டு அறுபடும். மூன்றாவது பைட் அடுத்த துண்டில் இருக்கும். நோட் ஜேஎஸ்ஸில் துண்டுதோறும் டுஸ்ட்ரிங் போட்டு எழுத்தாக மாற்றினால் அந்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி விழும், எழுத்தை மீட்கவே முடியாது. செட்என்கோடிங்கில் யூடிஎஃப்-8 என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அறுந்த பைட்டை அதுவே பிடித்துவைத்து அடுத்த துண்டோடு சேர்க்கும். நியோவிம் எடிட்டரில் விடையாக வரும் லிஸ்ட்டின் கடைசி உறுப்பு பாதி வரியாக இருக்கலாம், அதை அடுத்த முறை வரும் முதல் உறுப்போடு ஒட்ட வேண்டும். ஆங்கிலக் கோப்பை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் எழுத்து அறுபடுவது படாமலே போகும்.

இன்னொன்று, கண்டுபிடிக்க மிகவும் கடினமானது. பயனர் சேமிக்கிறார், ப்ராசஸ் ‘அ’ ஓடுகிறது. உடனே மறுபடி சேமிக்கிறார். ‘அ’வைக் கொன்றுவிட்டு ‘ஆ’வைத் தொடங்கி, ‘ஆ’வை ஒரு வேரியபிளில் வைக்கிறோம். ‘அ’ செத்த செய்தி இப்போதுதான் வந்துசேர்கிறது. அதன் கால்பேக் (செய்தி வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) வேரியபிளைக் காலி செய்துவிடுகிறது. பின்னால் வருகிற ‘ஆ’வின் விடையை வாங்க ஆளில்லை. மருந்து ஒரே வரி: கால்பேக்கின் தொடக்கத்திலேயே, செய்தி அனுப்பிய ப்ராசஸும் வேரியபிளில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடுங்கள். அதோடு, தொடங்கியபோது இருந்த மாற்ற எண்ணையும் (விம்மில் சேஞ்ச்ட்டிக், விஎஸ் கோடில் டாக்குமென்டின் வெர்ஷன்) விடை வரும்போது ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அந்த விடை பழைய உரைக்கானது, தவறான வரியில் கோடு போடும்.

ப்ராசஸ் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. லினக்ஸ் பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட். அது நிரம்பினால் எழுதும் நிரல் நின்றுவிடும், எடிட்டரும் அதற்காக நின்றுகொண்டிருக்கும்.

இந்த பக்குகளை அதிர்ஷ்டத்துக்கு விடாமல் வேண்டும்போதெல்லாம் வரவழைக்கலாம். உண்மையான நிரலுக்குப் பதில் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். ‘வேலூர்’ என்பதில் 11 பைட் எழுதி, 2 விநாடி தூங்கி, மீதி 7 பைட் எழுதுவது ஒன்று. 2 விநாடி கழித்து எழுதும் வேலையைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டுத் தான் உடனே முடிந்துவிடுவது இன்னொன்று. டெர்ம் சிக்னல் (முடித்துக்கொள் என்ற செய்தி) வந்தும் 2 விநாடி கழித்தே சாவது மூன்றாவது. 65,536-க்கு மேல் ஒரேயடியாகக் கொட்டுவது நான்காவது. ஸ்லீப் இருக்கவேண்டிய இடம் இந்தச் சோதனை ஸ்கிரிப்ட்தான்.

புராஜெக்ட் வழிகாட்டிகளிடமும் தேர்வாளர்களிடமும் எங்கள் கோரிக்கை: ஓடிக் காட்டுவதோடு விட்டுவிடாமல், இந்த நான்கு ஸ்கிரிப்ட்டுகளோடும் ஓட்டச் சொல்லுங்கள். அந்த லாக்கை ரெக்கார்டு நோட்டில் ஒட்டச் சொல்லி, அதற்கென்று மார்க் ஒதுக்குங்கள். கோட்டில் எங்காவது ஸ்லீப் தென்பட்டால், அது எந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது என்று வைவாவில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பணியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.