மூச்சு வாங்கினால் யாரிடம் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருந்த என் தங்கைக்கு, கருமுட்டை எடுத்த நான்காம் நாள் வயிறு உப்பி, பாவாடை நாடாவை முடிச்சுப் போடவே எட்டவில்லை. 'கேஸ் டிரபிள்' என்று நாங்களே ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். அன்றிரவு படுத்தாலே மூச்சு வாங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள். ஸ்கேனில் வலது நுரையீரலைச் சுற்றி நீர்.

கருமுட்டை வளரப் போடும் ஊசிகளால் சினைப்பை அளவுமீறித் தூண்டப்பட்டால், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். ரத்தம் கெட்டியாகி, உறைகட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கடுமையான பாதிப்பு சிலருக்குத்தான் வரும். பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். என் தங்கைக்கு அது இருப்பது மருத்துவமனை ஃபைலிலேயே உண்டு. முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கு வேறு மருந்தைப் போடுவது, கருவை உறைய வைத்துப் பிறகு கருப்பையில் வைப்பது என்று ஆபத்தைக் குறைக்க வழிகளும் இருக்கின்றன.

குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பக்கவிளைவுகளை விளக்கியாக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பக்கம் பக்கமாக ஆங்கிலப் படிவம். பென்சிலில் குறியிட்ட இடங்களில் கையெழுத்து. (பணம் கட்டும் தவணைத் திட்டம் மட்டும் நல்ல தமிழில்!) ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்று, இரவிலும் எடுக்கப்படும் போன் எண்ணோடு ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டு கொடுக்க என்ன செலவாகிவிடும்?

ஒரு வாசகி, ஈரோடு