தொண்டை நோவைக் குறைக்க உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்பான சக உத்தியோகத்தர்களுக்கும் உறவுகளுக்கும்,

சத்திரசிகிச்சை முடிந்து விடுதிக்கு வந்தவரிடம் "எப்படி இருக்குது?" என்று கேட்டால், வெட்டின இடத்தை விட்டுவிட்டு "தொண்டைதான் நோகுது" என்பவர்கள் நிறையப் பேர். மயக்கத்தில் சுவாசிக்க மூச்சுக்குழாயினுள் விடும் குழாய்தான் காரணம். அநேகமாக இரண்டு மூன்று நாளில் மாறிவிடும் என்பதால், இதை ஒரு நோவாகவே கணக்கெடுக்காத வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை மாற்ற உதவிய உங்களுக்கு, வன்னியில் மயக்க மருந்துப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் எழுதும் மடல் இது.

முதல் நன்றி, அழுத்தமானி வாங்கித் தந்த ஊர்ச்சங்கத்தாருக்கு. குழாயின் நுனிக்குச் சற்று மேலே ஒரு காற்றுப்பை உண்டு. அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீரளவுக்குள் (அழுத்தமானி காட்டும் அலகு இது) நிற்க வேண்டும். குறைந்தால் காற்றுக் கசியும். வயிற்றிலிருந்து மேலெழுவது நுரையீரலுக்குள் இறங்கவும் கூடும். கூடினால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்கு இரத்தம் ஓடுவது குறைந்து புண்படும். வெளியே தொங்கும் சின்னப் பலூனை விரலால் அமத்திப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. பழகின கையும் பிழைவிடும். மயக்கத்துக்காக நைதரசு ஒட்சைட்டு என்ற வாயுவைக் கொடுக்கும்போது அது காற்றுப்பைக்குள் ஊறிப் போய் அழுத்தத்தைத் தானாகவே ஏற்றிவிடும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தாலும் கழுத்தை மடக்கினாலும் அளவு மாறும். அதனால்தான் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்கிறோம். சலிக்காமல் அளந்து குறித்துவரும் தாதிய உத்தியோகத்தர்களே, இந்த வேலையில் பெரும்பங்கு உங்களுடையது.

சிறிய அளவுக் குழாய்கள் தீராமல் பார்த்துக்கொள்ளும் களஞ்சியப் பொறுப்பாளருக்கும் நன்றி. உள்விட்டம் பெண்களுக்கு 6.5 அல்லது 7 மில்லிமீற்றர், ஆண்களுக்கு 7.5 மில்லிமீற்றர் என்பது அநேக சத்திரசிகிச்சைகளுக்குப் போதும். குழாய் பெருக்கப் பெருக்க நோவும் கூடும்.

தியேட்டரில் கைகொடுப்பவர்கள், குழாயை வளைத்துப் பிடிக்க அதனுள்ளே வைக்கும் கம்பி நுனியைத் தாண்டி நீட்டாமல் பார்க்கிறீர்கள். குழாய் விடுமுன் நோயாளியின் தசை முழுதாகத் தளரும்வரை எங்களை அவசரப்படுத்துவதில்லை. குழாயை எடுக்குமுன் சளியை உறிஞ்சும்போது, கண்ணால் பார்த்து மெதுவாகச் செய்ய வெளிச்சம் பிடிக்கிறீர்கள். கண்மூடித்தனமாகக் குத்தி உறிஞ்சுவதால் வரும் காயத்தை எந்த மருந்தாலும் முன்கூட்டித் தடுக்க முடியாது.

மருந்தகத்தாருக்கு: மயக்கத்துக்குச் சற்று முன் கொப்பளித்துத் துப்ப, 30 மில்லிலீற்றர் அளவு சேலைனில் நோவைக் குறைக்கும் மயக்க மருந்தான கெற்றமின் 50 மில்லிகிராம் கலந்து தருகிறீர்கள். நல்ல பலன் தருகிறது. வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெதசோன் 8 மில்லிகிராம் ஊசியும் உதவும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனி ஏறுவதைக் கவனிக்க வேண்டும். தொண்டையை விறைக்கச் செய்யும் லிக்னோகெயின் ஸ்பிரேயை நாங்கள் நாடுவதில்லை. அது எரிவைக் கூட்டுவதே உண்டு.

விடுதித் தாதியருக்குத் தனி நன்றி. "நடுச்சாமத்துக்குப் பிறகு ஒண்டும் குடிக்கக் கூடாது" என்ற பழைய கட்டளையை விட்டு, சாப்பாட்டுக்கு 6 மணித்தியாலம், தண்ணீருக்கும் பால் சேராத பிளேன்ரீக்கும் 2 மணித்தியாலம் என்று ஆளுக்கேற்பச் சொல்கிறீர்கள். சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்த தொண்டையோடு வருபவர்கள் இதனால் குறைந்திருக்கிறார்கள்.

உறவினர்களே, ஆடும் பல்லையும் புகைக்கும் பழக்கத்தையும் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. புகைப்பவர்களின் தொண்டை கூடுதலாக நோகும். வீட்டுக்குப் போன பிறகும் கொஞ்சம் கவனியுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு கிளாசில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிக்கலாம். பரசிற்றமோல் வளர்ந்தவர்களுக்கு 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 1 கிராம், நாளுக்கு 4 கிராமுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால், இரத்தம் துப்பினால், கழுத்து வீங்கினால், காய்ச்சலோடு விழுங்க முடியாமல் போனால் அன்றைக்கே வாருங்கள். குரல் கரகரப்பு இரண்டு கிழமை கடந்தும் மாறாவிட்டால் காது மூக்கு தொண்டை சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள்.

நன்றியுடன்,
மயக்க மருந்துப் பிரிவினர்,
வன்னி